16 டன் நிலக்கரி வண்டி: பித்தளை அருமை, தாள் மோசம்

தகடு அருமை, கூட வந்த வழிகாட்டித் தாள் மோசம், ஆனாலும் வாங்கலாம். அவசரக்காரர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இங்கிலாந்தில் ஒரு சின்ன நிறுவனம் செய்கிற மாதிரி ரயில் வண்டிக் கிட் இது, பித்தளைத் தகட்டை நாமே மடித்து ஈயத்தால் ஒட்டிச் சேர்க்க வேண்டும். நிஜ வண்டியின் ஒரு அடிக்கு இங்கே 4 மில்லிமீட்டர். பிரிட்டிஷ் ரயில்வேயில் 1950களில் எங்கு பார்த்தாலும் நின்ற 16 டன் இரும்பு நிலக்கரி வண்டி, மொத்தத்தில் இரண்டு லட்சத்துக்கும் மேல் கட்டினார்கள். அசலின் நீளம் 16 அடி 6 அங்குலம், கிட்டில் 66 மில்லிமீட்டர், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். திருகோணமலைச் சீனக்குடாவில் மாவு ஏற்றுகிற ரயில் பெட்டிகளைப் பார்த்து வளர்ந்தவனுக்கு வெள்ளைக்காரனின் கரி வண்டி எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான், ஆனால் நம்முடைய பெட்டி எதுவும் கிட்டாக எனக்குக் கிடைக்கவில்லை. இதையே நம் பாதைக்கு மாற்றலாம் என்று யாராவது நினைத்தால் இப்போதே விட்டுவிடுங்கள்: இலங்கையில் நமது பாதையின் அகலம், அதாவது இரண்டு தண்டவாளங்களுக்கு இடையிலான தூரம், 5 அடி 6 அங்குலம், இந்த அளவில் அது 22 மில்லிமீட்டர், கிட்டோ 16.5க்குப் போட்டது, அச்சின் நீளமே 26தான், சக்கரத்தை அவ்வளவு அகட்டினால் சட்டத்தில் போய் உரசும்.

அமிலத்தில் அரித்து எடுத்த தகடு, அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த தடிப்பு. மடிக்க வேண்டிய இடத்தில் பாதி ஆழத்துக்குக் கோடு அரித்திருக்கிறார்கள், கோடு மடிப்பின் உள்பக்கம் வரவேண்டும். பக்கங்களை மடித்தால் மூலை அப்படியே 90 பாகையில் போய்ச் சேருகிறது, அரம் போடவே தேவை வரவில்லை. ரிவெட்டுகளுக்குப் பின்பக்கம் சின்னச் சின்னக் குழிகள் இருக்கின்றன, மொட்டை ஊசியால் அமுக்கினால் முன்பக்கம் தலை எழும்பும். இதை மடிப்பதற்கு முன்னால் செய்ய வேண்டும். தாளோ பெட்டியை மடித்து ஒட்டி முடித்த பிறகு, கடைசிப் பக்கத்தில், ரிவெட் பற்றிப் பேசுகிறது! ஆகவே முழுவதையும் வாசித்துவிட்டுத் தொடங்குங்கள். படங்களும் தபால் முத்திரை அளவுதான், பிரேக் கம்பிகள் எதில் எது மாட்டும் என்பதை அசல் வண்டியின் புகைப்படம் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன்.

எனக்கு மிகவும் பிடித்தது அடிப்பகுதி. ஒரு அச்சின் சட்டம் அசையாமல் நிற்கும், மற்றதன் சட்டம் நடுவில் ஓடும் ஒரு கம்பியில் தொங்கி இரண்டு பக்கமும் சரியும். இப்படி வண்டியின் பாரம் மூன்று புள்ளிகளில் இறங்குவதால், மூன்று கல் அடுப்பு மேடுபள்ளத்திலும் ஆடாமல் நிற்பதுபோல, நாலு சக்கரமும் எப்போதும் தண்டவாளத்தைத் தொட்டுக்கொண்டே ஓடும். பிளாஸ்டிக் வண்டிகள் தடம் புரளுகிற என்னுடைய கோணல் பாதையில் இது சத்தமில்லாமல் போய்வருகிறது.

சரி, ஈயம் ஒட்டுவதற்கு வருவோம். ரேடியோ திருத்துகிற 25 வாட் ஈயக்கோல் போதாது, பித்தளை சூட்டை இழுத்துக்கொண்டு போய்விடும், 60 வாட்டாவது வேண்டும். ஈயம் பிடிப்பதற்காக முதலில் பூசுகிற ஃப்ளக்ஸில் திரவ வகை அமிலம் என்பதால் ஆகாயத் தபாலில் வராது. கைபேசி திருத்தும் கடைகளில் இருக்கிற பசை வடிவ ஃப்ளக்ஸ் போதும், தகட்டை எமரித் தாளால் பளிச்சென்று தேய்த்திருந்தால். நகை வேலை செய்கிற பத்தர் யாராவது வெங்காரம் தந்தால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள், அது வெள்ளிப் பற்றாசின் சூட்டுக்கு உரியது, ஈயம் உருகும் சூட்டில் வெங்காரம் அசையக்கூட மாட்டாது.

பஃபர்களும் (வண்டியின் முனையில் மோதலைத் தாங்குபவை) அச்சுப் பெட்டிகளும் வெள்ளை உலோக வார்ப்பு, இந்தக் கிட்டின் பலவீனம் அங்கேதான். என் பெட்டியில் வந்த ஒரு பஃபர் பாதி நிரம்பாமல் வார்க்கப்பட்டிருந்தது, எழுதிக் கேட்டதற்குப் பதில் வரவில்லை. பித்தளைக்குப் போடுகிற சூட்டில் இவை சொட்டாக உருகிவிடும். 70 பாகை செல்சியஸில் உருகும் தனி ஈயம் இருக்கிறது, ஆனால் அது பித்தளையில் நேராகப் பிடிக்காது, முதலில் சாதாரண ஈயத்தைப் பூச வேண்டும், அதோடு அதில் நச்சு உலோகமான காட்மியமும் இருப்பதால் யன்னலைத் திறந்து வையுங்கள். இவ்வளவு பாடு எதற்கு, ஹார்ட்வெயார் கடையில் அரல்டைட் வாங்கி ஒட்டினேன், வடிவாக நிற்கிறது.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு விஷயம் தாளில் இல்லை. ஃப்ளக்ஸ் மிச்சம் இருந்தால் இந்த உப்புக் காற்றில் மூலைகளில் பச்சைக் களிம்பு கெதியாக ஏறும். குத்துவிளக்கு துலக்குகிற புளியே இதற்கும் மருந்து. புளித் தண்ணீரில் பழைய பல்துலக்கியால் தேய்த்து, நல்ல தண்ணீரில் கழுவிக் காயவிட்டு, உடனே ப்ரைமர் அடித்துவிட வேண்டும். வாகனங்களுக்குப் பெயின்ட் விற்கிற கடைகளில் உலோகத்தைக் கவ்விப் பிடிக்கிற எட்ச் ப்ரைமர் கிடைக்கும். மேலே சாம்பல் நிறம், வண்டியின் எந்த முனையில் கதவு திறக்கும் என்பதைக் காட்டப் பக்கத்தில் சரிந்த வெள்ளைக் கோடு.

விலை பற்றி: சக்கரம், அச்சு, கொளுவி எதுவும் பெட்டியில் இல்லை, தனியாக வாங்க வேண்டும், எல்லாவற்றையும் ஒரே பார்சலில் வரவழைத்தால் தபால் செலவும் சுங்கத் தீர்வைக்கான அலைச்சலும் ஒரு தரத்தோடு முடியும். ஈயக்கோல் பிடித்தே பழகாதவர்கள் முதலில் பழைய பித்தளைத் துண்டுகளில் கை பழகிவிட்டு வாங்குங்கள். பழகியவர்கள் தாளை மட்டும் நம்பாமல் வாங்கலாம்.