இருபது கிலோ அரிசியா, அதற்கு ஈடான பணமா?

கடலூரில் ரேஷன் அட்டைக்கு அரிசி கிடைக்கிறது. வடக்கே ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் இருக்கும் புதுச்சேரியில் 2015 செப்டம்பர் முதல் மத்திய உணவு மானியம் பணமாக வங்கிக் கணக்கில் ஏறத் தொடங்கியது. மொழியும் சோறும் ஒன்றாக இருக்கும் இரண்டு ஊர்களில் இரண்டு வழிகள். நுண்ணியல் பொருளியலின் முதல் பாடமான நுகர்வோர் தேர்விலிருந்து கடைசிப் பாடமான சந்தைத் தோல்வி வரை இந்த ஒரு ஜோடியை வைத்தே படித்துவிடலாம். முதல் பாடம் சொல்லும் தீர்ப்பைப் பின்னால் வரும் பாடங்கள் எவ்வளவு மாற்றிவிடுகின்றன என்பதைக் காட்டத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் பாடத்தின் தீர்ப்பு பணத்துக்குச் சாதகம். கணக்குக்காக வெளிச்சந்தையில் அரிசி கிலோ 50 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து பேர் உள்ள குடும்பம் மாதம் 35 கிலோ சாப்பிடுகிறது. 20 கிலோ இலவசமாக வந்தால் மீதி 15 கிலோவைக் கடையில் வாங்கும், 1,000 ரூபாய் மிச்சமாகும். அரிசிக்குப் பதில் 1,000 ரூபாயைக் கையில் கொடுத்தாலும் அந்தக் குடும்பம் அதே 35 கிலோவைத்தான் வாங்கும். இந்த வீட்டுக்கு இரண்டும் ஒன்றுதான்.

தனியாக வாழும் வயதான தம்பதிக்குக் கணக்கு வேறு. அவர்களுக்கு 12 கிலோ போதும். மீதி 8 கிலோவை வீடு தேடி வரும் வியாபாரியிடம் கிலோ 10 ரூபாய்க்குத் தள்ளினால் 80 ரூபாய் கிடைக்கும். பணமாக வந்திருந்தால் 600 ரூபாய்க்கு அரிசி வாங்கிவிட்டு 400 ரூபாயை மருந்துக்கு வைத்திருப்பார்கள். ஆக 320 ரூபாய் நஷ்டம். ஒரு வீட்டால் வாங்கக்கூடிய சேர்க்கைகளை வரைபடத்தில் காட்டும் வரவு செலவுக் கோடு 20 கிலோ புள்ளியில் முறிவது இதனால்தான். முறிவுக்கு அந்தப் பக்கம் போகவேண்டிய சமநோக்கு வளைகோடு, அதாவது ஒரே அளவு திருப்தி தரும் சேர்க்கைகளை இணைக்கும் கோடு, அவர்களுக்கு எட்டுவதில்லை. இந்தத் தர்க்கத்தை அமெரிக்க உணவு மானியத்தை முன்வைத்துப் பொருளியலாளர் ஹெர்மன் சவுத்வொர்த் 1945-இலேயே எழுதிவிட்டார்.

தரத்தையும் சேர்த்தால் பணத்தின் கை இன்னும் ஓங்கும். பொன்னி சாப்பிட்டுப் பழகிய பல வீடுகளில் ரேஷன் அரிசி இட்லி மாவுக்குத்தான் போகிறது. அரசு அதற்குச் செலவிடும் தொகையும் அந்த வீடு அதற்குத் தரும் மதிப்பும் ஒன்றல்ல. 2022 பொங்கலுக்குத் தமிழக அரசு ரொக்கம் தராமல் 21 பொருள்களைப் பையில் போட்டுக் கொடுத்தபோது இதைக் கண்கூடாகப் பார்த்தோம். வெல்லம் உருகியது, தரம் சரியில்லை என்று மாநிலம் முழுக்கப் புகார். அடுத்த ஆண்டே அரிசி, சர்க்கரை, கரும்போடு 1,000 ரூபாய் ரொக்கம் என்று மாறியது. வெல்லத்தையும் முந்திரியையும் அவரவர் கடையில் முகர்ந்து பார்த்து வாங்குவதே நல்லது. பண்டிகைப் பரிசைப் பொறுத்தவரை பணம்தான் சரி, இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மாதாந்தர அரிசி அப்படி அல்ல. மேலே சொன்ன கணக்கு முழுவதும் 50 ரூபாய் என்ற விலை அசையாது என்ற அனுமானத்தின் மேல் நிற்கிறது. அந்த விலை 60 ஆனால் 1,000 ரூபாய்க்கு 20 கிலோ கிடைக்காது, 200 ரூபாய் துண்டு விழும். விலை எவ்வளவு ஏறினாலும் 20 கிலோ அரிசி 20 கிலோவாகவே இருக்கும். ரேஷன் அரிசி ஒரு மானியம் மட்டுமல்ல, விலையேற்றத்துக்கு எதிரான காப்பீடும் கூட. பிரீமியம் கட்டாத காப்பீடு. 2023 ஜூலையில் உள்நாட்டு விலையைப் பிடிக்க மத்திய அரசு பாசுமதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதியையே தடை செய்ய வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட நேரத்தில் ரேஷன் அரிசி வாங்கும் வீடும் பணம் வாங்கும் வீடும் ஒரே நிலையில் இருக்காது. புதுச்சேரிக்குப் பொருந்திய 2015-ஆம் ஆண்டு மத்திய விதிகளில் பணத்தின் அளவு, விவசாயிக்கு அரசு உறுதி தரும் குறைந்தபட்ச ஆதரவு விலையின் 1.25 மடங்கை வைத்துக் கணக்கிடப்பட்டது. ஆதரவு விலை ஆண்டுக்கு ஒருமுறை மாறும், கடை விலையோ எந்த வாரமும் மாறலாம். இந்த இடைவெளியைத் தாங்குவது ஏழையின் பர்ஸ்.

விலை வெளியிலிருந்து மட்டும் அசைவதில்லை, திட்டமே அதை அசைக்கும். ஜவ்வாது மலையில் ஓர் ஊரையும் அங்கே ஒரே மளிகைக் கடையையும் எடுத்துக்கொள்ளுங்கள். எல்லா வீட்டிலும் ஒரே வாரத்தில் 1,000 ரூபாய் ஏறினால் அரிசித் தேவை கூடும். போட்டி இல்லாத கடைக்காரர் விலையை ஏற்றுவார், மானியத்தில் ஒரு பங்கு அவர் கல்லாவுக்குப் போகும். ரேஷன் கடை அதே ஊருக்கு அரிசியைக் கொண்டுவந்து இறக்கும்போது அந்த முற்றுரிமைக்கு எதிரே ஒரு போட்டியாளர் நிற்கிறார். தெற்கு மெக்சிகோ கிராமங்களில் 2003 முதல் சிலவற்றுக்கு உணவுப் பெட்டியும் சிலவற்றுக்குப் பணமும் கொடுத்துப் பார்த்தார்கள். பெட்டி வந்த ஊர்களில் உணவு விலை, பணம் வந்த ஊர்களைவிடச் சுமார் 4 விழுக்காடு குறைவாக இருந்தது. ஒதுக்குப்புறமான ஊர்களில் வித்தியாசம் இன்னும் பெரிது. அட்டையே இல்லாத கூலிக்காரரும் அந்தக் குறைந்த விலையில்தான் வாங்குகிறார். பணத்தை ஆதரிப்போர் இந்தப் பலனைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை என்பது என் ஆதங்கம்.

வாங்கும் வேலைக்கும் ஒரு விலை உண்டு. ஜார்க்கண்டில் ராஞ்சியை அடுத்த நக்ரி வட்டாரத்தில் 2017 அக்டோபரில் ஒரு சோதனை தொடங்கியது. ஒரு ரூபாய் அரிசியை நிறுத்தி, மானியத்தைக் கணக்கில் போட்டார்கள். அந்தப் பணத்தை எடுத்து, ரேஷன் கடையிலேயே கிலோ 32 ரூபாய்க்கு வாங்க வேண்டும். பணம் வந்ததா என்று பார்க்க வங்கிக்கு ஒரு நடை, எடுக்க இன்னொரு இடம், பிறகு கடை. தினக்கூலிக்காரருக்கு ஒவ்வொரு நடையும் ஒரு நாள் கூலி. எதிர்ப்பு வலுத்து 2018 ஆகஸ்டில் திட்டத்தைக் கைவிட்டார்கள்.

மக்களையே கேட்டால்? 2011-இல் ஒன்பது மாநிலங்களில் பொருளியலாளர்கள் ஜான் திரேஸும் ரீத்திகா கேராவும் நடத்திய கணக்கெடுப்பில் மூன்றில் இரண்டு பங்குக் குடும்பங்கள் உணவையே கேட்டன. ரேஷன் சீரழிந்திருந்த பீகாரில் பாதிக்கு மேற்பட்டோர் பணம் கேட்டார்கள். தமிழ்நாடு போல் கடை ஒழுங்காகத் திறக்கும் இடங்களில் அரிசி. ஆகவே எது சிறந்தது என்பதன் விடை அந்த ஊரின் கடையையும் வங்கியையும் பொறுத்தது.

பணம் கொடுத்தால் ஆண்கள் குடித்துவிடுவார்கள் என்பது டீக்கடை முதல் சட்டமன்றம் வரை கேட்கும் வாதம். நான் இதை ஏற்கவில்லை. பல நாடுகளின் பண உதவித் திட்டங்களைத் தொகுத்துப் பார்த்த உலக வங்கி ஆய்வு, மது, புகையிலைச் செலவு அதனால் கூடவில்லை என்றே சொன்னது. அரிசியை ஆதரிக்க ஏழையை இழிவுபடுத்த வேண்டியதில்லை.

யாருக்குத் தருவது என்ற கேள்வியில்தான் எனக்கு அரிசி மீது பிடிப்பு அதிகம். வீட்டின் உண்மையான வருமானம் அரசுக்குத் தெரியாது, வீட்டுக்குத்தான் தெரியும். தகவல் இப்படி ஒருபக்கம் குவிந்திருக்கும்போது, வேண்டியவர் மட்டும் முன்வரும்படி திட்டத்தையே அமைப்பது ஒரு வழி. 1997-இல் மத்திய அரசு வறுமைக்கோட்டை வைத்து ரேஷனைப் பிரித்தபோது தமிழ்நாடு அனைவருக்குமானதாகவே வைத்துக்கொண்டது. வசதியானவர்களில் பலர் தாமாகவே சர்க்கரை அட்டைக்குப் போனார்கள், அல்லது அரிசி வாங்க வரிசையில் நிற்கவே இல்லை. பணத்தை யாரும் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள். அதனால்தான் 2023-இல் வந்த மகளிர் உரிமைத் தொகைக்கு ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், மின்சாரம் 3,600 யூனிட்டுக்குள், நஞ்சை ஐந்து ஏக்கருக்குள் என்று நிபந்தனைகள் போட வேண்டியிருந்தது. நிபந்தனை என்றால் விண்ணப்பம், நிராகரிப்பு, மேல்முறையீடு. தகுதியுள்ள பெண் ஒருத்தி ஒரு காகிதத்தால் வெளியே நிற்பாள்.

இவ்வளவு சொன்னாலும் அரிசிக்கு எதிரான கனமான வாதம் ஒன்று மிச்சம் இருக்கிறது. அது வரவு செலவுக் கோட்டில் இல்லை, நிலத்தடியில் இருக்கிறது. அரிசி கொடுக்க நெல் கொள்முதல் வேண்டும். பஞ்சாபில் உறுதியான கொள்முதலும் இலவச மின்சாரமும் சேர்ந்து நிலத்தடி நீரை வற்றடித்தன. அதைத் தடுக்க 2009-இல் நடவைத் தள்ளிப்போடச் சட்டம் போட்டார்கள். அறுவடை தள்ளிப்போய், கோதுமை விதைக்க அவகாசம் சுருங்கி, வைக்கோல் எரிப்பு குளிர்காலத்தின் தொடக்கத்துக்கு நகர்ந்தது. டெல்லியின் காற்று இன்னும் கெட்டது. எந்த விலைச்சீட்டிலும் ஏறாமல் மூன்றாம் ஆளின் தலையில் விழும் புறவிளைவு இது. கையில் பணம் இருந்தால் சில வீடுகளாவது பருப்பும் சிறுதானியமும் வாங்கும், விளைச்சலும் மெல்ல அந்தப் பக்கம் திரும்பலாம். ரேஷனிலேயே கேழ்வரகைக் கூட்டுவதும் இதற்கு ஒரு வழி, ஆனால் வேகம் போதாது.

அட்டைதாரரே தேர்ந்தெடுக்கட்டும் என்ற மூன்றாவது வழியும் உண்டு. அந்த வயதான தம்பதிக்கு அது நல்லதுதான். ஆனால் ரேஷன் கடையின் வாடகை, எடையாளர் சம்பளம், லாரி எல்லாம் நிலையான செலவு. பாதிப் பேர் பணத்துக்குப் போனால் மீதிப் பேருக்கான கிலோச் செலவு ஏறும், முதலில் மூடப்படுவது மலைக் கடைதான். கடை மூடினால் தேர்வும் போய்விடும். அதனால் நகரங்களில் மட்டும், கடைகளை மூடாமல், கூடுதல் சலுகைகளுக்கு மட்டும் பணம் என்ற அளவில் இதைத் தொடங்கலாம், அடிப்படை அரிசியில் கை வைக்கக்கூடாது என்பது என் நிலைப்பாடு. தெருவுக்கு இரண்டு மளிகையும் ஒரு ஏடிஎம்மும் உள்ள, பணத்துக்கு மிக வசதியான புதுச்சேரியிலேயே அரிசிக்கான கோரிக்கை அடங்கவில்லை. 2024 தீபாவளிக்கு முன் அங்கே ரேஷன் கடைகளை மீண்டும் திறந்து இலவச அரிசி வழங்கத் தொடங்கினார்கள்.