சாக்கடைக் குழாய்க்கு நிலத்தில் வழி கேட்டார்கள், போன வக்கீல் ஆபீஸ் எப்படி?

எங்கள் தோப்பு ஓரமாகப் பாதாளச் சாக்கடைக் குழாய் போகிறது, கையெழுத்துப் போடுங்கள் என்று ஒப்பந்தத்தை நீட்டினார்கள், அதைத் தூக்கிக்கொண்டு இந்த வக்கீல் ஆபீஸுக்குப் போனேன். கொடுத்த காசுக்கு மோசமில்லை. பட்டா உங்கள் பேரிலேயே இருக்கும், குழாய் போகிற பட்டையில் மட்டும்தான் அவர்களுக்கு ஈஸ்மென்ட் (வசதியுரிமை, அதாவது அடுத்தவர் நிலத்தைக் குறிப்பிட்ட தேவைக்கு மட்டும் பயன்படுத்தும் உரிமை), ஆனால் அதன்மேல் கட்டடமோ தென்னையோ வரக்கூடாது என்பார்கள் என்று வக்கீல் பொறுமையாக விளக்கினார். 1882 வசதியுரிமைச் சட்டப்படி எந்த நிலத்தின் பயனுக்காக இந்த உரிமை என்று இருக்க வேண்டுமாம், அதனால் பம்பிங் ஸ்டேஷனின் சர்வே எண்ணையும் எழுத வைத்தார். அப்புறம் எஃப்எம்பி வரைபடத்தை (நிலத்தின் எல்லை, அளவுகளைக் காட்டும் சர்வே வரைபடம்) விரித்து, ஒப்பந்தத்தில் 'தேவையான அகலம்' என்று மொட்டையாக இருந்ததைச் சிவப்பு மையால் சுழித்து, மீட்டரில் போடச் சொன்னார். மேன்ஹோல் சுத்தம் செய்ய லாரி எந்தப் பக்கம் வரும், பிரித்த வேலியை யார் திரும்பப் போடுவது என்பதும் சேர்ந்தது. லாரி விஷயம் எனக்குத் தோன்றியே இருக்காது.

குறை என்றால், போனை எடுக்கவே மாட்டார்கள். அவர்கள் அனுப்பும் சர்வேயர் சொன்ன நாளில் வரவில்லை, அதற்குத் தனி பில் வேறு! பத்திரப்பதிவுச் செலவு யார் தலையில் விழும் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள், அவர்கள் சொல்லும் பீஸில் அது சேராது.