லாட்ஜ் கவுன்ட்டரில் ஆறு வருட ‘லேஸி’

வேலூர் காந்தி ரோடு பக்கம் ஒரு லாட்ஜ், நாற்பது அறை. தங்குகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் சிஎம்சிக்கு வைத்தியத்துக்கு வந்தவர்கள். காட்பாடியில் ரயிலை விட்டு இறங்கி, பெட்டியும் ஸ்கேன் கவருமாக ஆட்டோவில் வந்து நிற்பார்கள். அந்தக் கவுன்ட்டரில் ஓடும் பில்லிங் மென்பொருளை 2019 முதல் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். சி ஷார்ப் என்ற நிரல் மொழியில் எழுதியது. ஆப்ஜெக்ட்டை, அதாவது நிரலுக்குள் ஒரு வேலையைப் பார்க்கும் துண்டை, தேவைப்படும்போது மட்டும் உருவாக்கும் ‘லேஸி இனிஷியலைசேஷன்’ முறையை அதில் ஆறு வருடமாகப் பயன்படுத்தி வருகிறேன். நல்லதை எந்தப் பாடத்திலும் படித்துக்கொள்ளலாம் என்பதால், பட்டதைத்தான் இங்கே அதிகம் எழுதுகிறேன்.

என் கைக்கு வந்தபோது அந்த மென்பொருள் திறக்கவே முக்கால் நிமிடம் எடுத்தது. மெயின் ஃபார்மின் கன்ஸ்ட்ரக்டரிலேயே, அதாவது முதல் திரை உருவாகும்போதே, எல்லாம் உருவாகிக்கொண்டிருந்தன: ரிப்போர்ட் இன்ஜின், பில் பிரின்டர், பாஸ்போர்ட் ஸ்கேனர், எஸ்எம்எஸ், மாதக் கடைசியில் மட்டும் வேண்டிய ஜிஎஸ்டி அறிக்கை, வெளிநாட்டவருக்கான சி படிவம். வெளிநாட்டவர் வந்து தங்கினால் 24 மணி நேரத்துக்குள் சி படிவம் ஏற்ற வேண்டும். வங்கதேசத்திலிருந்து ஆட்கள் வரும் ஊர் இது, அதனால் அந்த வசதி அவசியம்தான். ஆனால் ஒரு வெளிநாட்டவரும் வராத நாட்களிலும் அது தன் நாட்டுப் பட்டியலை எல்லாம் படித்துவிட்டு நினைவகத்தில் உட்கார்ந்திருந்தது. கணினியோ 4 ஜிபி.

ஒவ்வொன்றையும் ஒரு பிராப்பர்ட்டிக்குள் தள்ளி, ‘நல்’ (இன்னும் காலி) என்றால் உருவாக்கு, இல்லையென்றால் இருப்பதைக் கொடு என்று மாற்றினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. திறக்கும் நேரம் ஆறு நொடிக்கு இறங்கியது. மேனேஜர் டீ வாங்கிக் கொடுத்தார்.

இரண்டு மாதம் கழித்து ஆடிட்டர் இரண்டு பில்களை எடுத்துப் போட்டார். வேறு வேறு அறை, வேறு வேறு தொகை, ஒரே பில் எண். பில் எண் தரும் ஆப்ஜெக்ட், உருவாகும்போது கடைசி எண்ணைப் படித்துக்கொண்டு அதிலிருந்து கூட்டிக்கொண்டே போகும். மென்பொருளுக்குள் ஒரே சமயத்தில் தனித்தனியாக ஓடும் வேலைகளைத் திரெட் என்பார்கள். காலையில் வாடகை பில்களைத் தானாகப் போடும் திரெட் ஒன்று; கவுன்ட்டரில் பட்டனை அழுத்தும் திரெட் இன்னொன்று. இரண்டும் ஒரே நேரத்தில் பார்த்து, ‘இன்னும் யாரும் உருவாக்கவில்லை’ என்று ஆளுக்கொன்றாக உருவாக்கிக்கொண்டன. எண் கொடுப்பதை டேட்டாபேஸிடம் விட்டிருக்க வேண்டும் என்று நீங்கள் திட்டலாம், சரிதான். அதை அப்புறம் மாற்றிவிட்டேன். இருந்தாலும் கையால் எழுதிய அந்த ‘நல்’ சோதனை ஒரு திரெட்டுக்கு மட்டும்தான் பத்திரம். ஜாவா மொழிக்காரர்கள் இதில் நிறைய அடிபட்டவர்கள். ஒரு சமயத்தில் ஒரு திரெட்டை மட்டும் விடும் பூட்டுக்கு வெளியே ஒருமுறை, உள்ளே ஒருமுறை பார்க்கும் அவர்களுடைய இரட்டைச் சோதனை, 2004-இல் ஜாவா 5 வந்து ‘வொலட்டைல்’ என்ற குறிச்சொல்லின் பொருளைத் திருத்தும்வரை நம்பத் தகுந்ததாக இல்லை.

சி ஷார்ப் ஓடும் தளமான டாட்நெட்டில் 2010 முதல், அதாவது 4.0 பதிப்பிலிருந்து, இதற்கென்றே ‘லேஸி’ என்று ஒரு கிளாஸ், அதாவது ஆப்ஜெக்ட்டுக்கான அச்சு, இருக்கிறது. பூட்டை அதுவே பார்த்துக்கொள்ளும். எல்லாவற்றையும் அதற்கு மாற்றிவிட்டு நிம்மதியாகத்தான் இருந்தேன், அந்த பிரின்டர் விஷயம் வரும்வரை.

ராத்திரி கரண்ட் போய் வந்திருக்கிறது. பில் பிரின்டரின் சுவிட்ச் அணைந்தே இருந்தது. காலையில் முதல் பில்லுக்கு ‘பிரின்டர் கிடைக்கவில்லை’ என்று செய்தி. பையன் சுவிட்சைப் போட்டான், பேப்பரை மாற்றினான், கேபிளைப் பிடுங்கிச் செருகினான். அதே செய்தி. காலி செய்து கிளம்புகிறவர்கள் ரயிலுக்கு நேரமாகிறது என்று கவுன்ட்டரில் நிற்கிறார்கள். கடைசியில் கையால் பில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். நான் சத்துவாச்சாரியிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு போய் மென்பொருள் தான் செய்வதைக் குறித்துவைக்கும் லாகைத் திறந்தால், ‘பிரின்டரைத் திறக்கிறேன்’ என்ற வரி ஒரே ஒரு தடவை. பிழை மட்டும் பதினோரு தடவை. அதாவது இரண்டாவது தடவையிலிருந்து அது பிரின்டர் பக்கம் போகவே இல்லை. உருவாக்கும் ஃபங்ஷனை நாம் கொடுத்து, அது முதல் தடவை பிழையில் முடிந்தால், ‘லேஸி’ அந்தப் பிழையையே பத்திரப்படுத்தி வைத்துக்கொள்கிறது. பிறகு எத்தனை முறை கேட்டாலும் அதையே எடுத்து வீசுகிறது. இது ஆவணத்தில் தெளிவாக எழுதியிருக்கிறது. நான்தான் படிக்கவில்லை.

பிழையைச் சேமிக்காத ‘பப்ளிகேஷன் ஒன்லி’ என்று ஒரு மோடு உண்டு. ஆனால் அதில் இரண்டு திரெட்டுகள் ஒரே நேரத்தில் உருவாக்கலாம். முந்தியது நிற்கும், மற்றது குப்பைக்குப் போகும். பிரின்டர் போர்ட்டை இரண்டு பேர் திறந்தால் விளங்காது. அதனால் இருபது வரியில் சொந்தமாக ஒரு சின்ன கிளாஸ்: பூட்டு உண்டு, வெற்றி என்றால் வைத்துக்கொள், தோல்வி என்றால் மறந்துவிடு. கோட்லினில் ‘பை லேஸி’ இப்படித்தான் நடந்துகொள்கிறது, தோற்றால் அடுத்த முறை மறுபடி முயலும். பெயர் ஒன்றுதான், குணம் மொழிக்கு மொழி வேறு. ஸ்விஃப்ட்டின் ‘லேஸி வார்’ திரெட் பாதுகாப்பே தராது.

இன்னொன்று சிரிப்பாக இருக்கும். மென்பொருளை மூடும்போது பாஸ்போர்ட் ஸ்கேனரின் விளக்கு பளிச்சென்று எரிந்து அணையும். அன்றைக்கு ஒரு பாஸ்போர்ட்கூட வந்திருக்காது. என்னடா என்று பார்த்தால், மூடும் இடத்தில் ஸ்கேனரை விடுவிக்க அதன் ‘வேல்யூ’வைக் கேட்டிருக்கிறேன். கேட்டதும் அது உருவாகிறது, உருவானதும் மூடப்படுகிறது. ஏற்கெனவே உருவாகியிருக்கிறதா என்று சொல்லும் ‘இஸ் வேல்யூ கிரியேட்டட்’டை முதலில் பார்த்திருந்தால் போதும்.

இதையெல்லாம் விட என்னை யோசிக்க வைத்தது ஒரு புகார். “காலையில சீக்கிரம் திறக்குது சார், ஆனா முதல் பில்லு மட்டும் இழுக்குது” என்றார் மேனேஜர். ரிப்போர்ட் இன்ஜின் எடுக்கும் எட்டு நொடியை நான் குறைக்கவே இல்லை, ஆளில்லாத நேரத்திலிருந்து ஆள் நிற்கும் நேரத்துக்கு நகர்த்தியிருக்கிறேன். தாகம் எடுத்த பிறகு கிணறு வெட்டுகிற வேலை. அவருடைய லாட்ஜில் விடியற்காலையிலேயே மோட்டார் போட்டு மாடித் தொட்டியை நிரப்பிவிடுவார்கள், விருந்தாளி குழாயைத் திறக்கும்வரை காத்திருப்பதில்லை. ஜெனரேட்டர் மட்டும் கரண்ட் போனால்தான் ஓடும். அதையும் சனிக்கிழமைதோறும் ஐந்து நிமிடம் சும்மா ஓட்டிப் பார்ப்பார்.

இப்போது அப்படித்தான் பிரித்திருக்கிறேன். ரிப்போர்ட் இன்ஜினும் பிரின்டரும் லாகின் திரை வந்ததும் பின்னணியில் தயாராகிவிடும். சி படிவம், ஸ்கேனர், ஜிஎஸ்டி அறிக்கை, எஸ்எம்எஸ் நான்கும் இன்னும் ‘லேஸி’. அவற்றை ஒருமுறை எழுப்பிப் பார்க்க ‘சோதனை’ என்று ஒரு பட்டன் வைத்தேன். சனிக்கிழமை ஜெனரேட்டரை அணைத்துவிட்டு வந்து மேனேஜர் அதை அழுத்துகிறார். போன மாதம் ஸ்கேனர் டிரைவர் கெட்டுப்போனதை அவர்தான் கண்டுபிடித்துச் சொன்னார். அடுத்த வெளிநாட்டு பாஸ்போர்ட் வந்தது செவ்வாய்க்கிழமை.