ரத்த அணுக்கள் ஒட்டுவது எதனால்: புரதமா, ஆன்டிஆக்சிடன்ட்டா?

"ரத்தம் கெட்டியாகுது, வைட்டமின் ஈ போடு" என்று யாராவது சொன்னால் நான் கேட்பது ஒன்றுதான்: எந்த ஒட்டல்? சிவப்பணுக்கள் ஒன்றோடொன்று அடுக்கிக்கொள்வது வேறு, அணு போய் நாளத்தின் உட்சுவரைப் பிடித்துக்கொள்வது வேறு. முதலாவது பெரும்பாலும் புரதத்தின் கையில். வைட்டமின் ஈ போல, ஆக்சிஜனேற்றச் சேதத்தைத் தடுக்கும் ஆன்டிஆக்சிடன்ட்டுக்கு முக்கிய வேலை இருப்பது இரண்டாவதில்தான்.

புரதத்தின் வேலையை நுண்ணோக்கியில் நேரடியாகப் பார்க்கலாம். சிவப்பணுவின் மேற்பரப்பில் எதிர்மின்னூட்டம் இருப்பதால் அணுக்கள் ஒன்றையொன்று தள்ளத்தான் பார்க்கும். ஆனால் ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவில், ரத்தம் உறைய உதவும் ஃபைப்ரினோஜன் என்ற புரதம் கூடிவிட்டால் அவை காசு அடுக்கியதுபோல் வரிசையாக நிற்கும். அந்த நீள மூலக்கூறு அணுக்களுக்கு நடுவே பாலம் போடுகிறது என்கிறது ஒரு கட்சி. நடுவிலிருந்து புரதம் விலகிவிட, வெளியிலுள்ள அழுத்தம் அணுக்களை நெருக்குகிறது என்கிறது இன்னொன்று. வழக்கு இன்னும் முடியவில்லை. பிளாஸ்மாவை நீக்கிவிட்டு சலைன் (உப்புநீர்) விட்டுப் பாருங்கள், அடுக்கு கலைந்துபோகும். ஆன்டிபாடி பிடித்த கட்டி அப்படிக் கலையாது. ரத்த வங்கியில் இரண்டையும் பிரித்தறிவது இப்படித்தான்.

சிவப்பணுக்கள் குழாயில் படியும் வேகத்தை அளக்கும் இ.எஸ்.ஆர். சோதனையும் இதே கதை. அடுக்கிய அணுக்கள் கனமாக இருப்பதால் குழாயில் வேகமாக இறங்கும். இதில் அளவைவிட வடிவம் முக்கியம். ஒரு டெசிலிட்டரில் ஃபைப்ரினோஜன் 200 முதல் 400 மில்லிகிராம்தான். இன்னொரு பிளாஸ்மா புரதமான அல்புமின் 3,500 முதல் 5,000 வரை இருந்தும் அடுக்கு உண்டாக்குவதில்லை.

ஆன்டிஆக்சிடன்ட் பக்கம் வேலை மெதுவானது, மறைமுகமானது. ஆக்சிஜனேற்றத்தால் அடிபட்ட சிவப்பணுவில், சவ்வின் உள்பக்கம் இருக்க வேண்டிய பாஸ்ஃபாடிடைல்செரின் என்ற கொழுப்பு வெளியே வந்துவிடும். அப்படிப்பட்ட அணு நாளச் சுவரில் எளிதாக ஒட்டும். சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்துவிடும் பரம்பரை நோயான அரிவாள் அணு நோயில் இந்தத் தொல்லை அதிகம். அமெரிக்காவில் அந்நோய்க்கு 2017இல் அனுமதி பெற்ற எல்-குளூட்டமின் என்ற அமினோ அமிலம் இந்த ஆக்சிஜனேற்ற அழுத்தத்தைக் குறைப்பதாகக் கருதப்படுகிறது. சோதனையில் 48 வாரத்தில், இந்நோயில் திடீரென வரும் கடும் வலி நெருக்கடிகளின் இடைநிலை எண்ணிக்கை போலி மருந்து எடுத்தவர்களிடம் 4, இதை எடுத்தவர்களிடம் 3. சிறிய ஆதாயம்தான், ஆனாலும் நிஜம்.

மாத்திரை வைட்டமின் ஈ? ஆய்வகத்தில் தட்டணுக்களின் பசையைக் குறைப்பது உண்மை. ஆனால் 39,876 பெண்கள், சராசரியாக 10 ஆண்டு, ஒருநாள் விட்டு ஒருநாள் 600 யூனிட் என்று நடந்த அமெரிக்க ஆய்வு 2005இல் வெளியானபோது, மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் மூன்றையும் சேர்த்துப் பார்த்ததில் குறிப்பிடத்தக்க குறைவு இல்லை. தனியாகப் பார்த்தால் இதயநோய் மரணமும், பின்னர் வந்த பகுப்பாய்வில் சிரைகளில் உறையும் கட்டியும் குறைந்திருந்தன. ஒட்டலைக் குறைக்க இதை வாங்குகிறவர்களுக்கு என் பதில் வேண்டாம் என்பதே.

இதற்கு நடுவே இரண்டு கட்சியிலும் கால் வைத்திருக்கிற ஆள் ஒன்று உண்டு, அல்புமின். புரதம்தான், ஆனால் அதன் 34ஆவது இடத்திலுள்ள சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் பிளாஸ்மாவின் முக்கிய ஆன்டிஆக்சிடன்ட்களில் ஒன்று.

இ.எஸ்.ஆர். ஏறியிருக்கிறதா? மருத்துவர் தேடுவது அழற்சியை, தொற்றை, இம்யூனோகுளோபுலின் (ஆன்டிபாடி புரதம்) பெருகும் மைலோமா என்ற ரத்தப் புற்று போன்ற நோயை. வைட்டமின் அளவை அல்ல.