அளவுக் கோடுள்ள மாதவிடாய்க் கப்

எச்ஐவியுடன் வாழ்ந்து, ஏஆர்டி (எச்ஐவியைக் கட்டுப்படுத்தும்) மருந்துகளைத் தவறாமல் எடுத்துவரும் எனக்கு உடலுக்குள் வைத்து மாதவிடாய் உதிரத்தைச் சேகரிக்கும் இந்த சிலிகோன் கப்பில் மிகவும் பிடித்தது, அதன் பக்கவாட்டிலுள்ள மில்லிலிட்டர் கோடுகள்தான். ஒரு சுழற்சியில் 80 மி.லி.க்கு மேல் போனால் அது அதிக உதிரப்போக்கு என்று கொள்ளப்படுவதாலும், ஜிடோவுடின் போன்ற ஏஆர்டி மருந்து இரத்தசோகையை உண்டாக்கக்கூடும் என்பதாலும், "கொஞ்சம் அதிகமாகப் போகிறது" என்று தயங்கி நிற்காமல் மருத்துவரிடம் அளவையே சொல்ல முடிகிறது. நாப்கினை யார் கண்ணிலும் படாமல் எங்கே போடுவது என்ற கவலையும் ஒழிந்தது. விளிம்பை அழுத்திக் காற்றுப் பிடிப்பை விடுவித்த பிறகே எடுக்க வேண்டும். காப்பர்-டி என்ற கருத்தடைச் சாதனம் போட்டிருப்பவர்கள் அப்படியே இழுத்தால் அதுவும் இடம் நகர்ந்துவிடலாம். இத்தனை முக்கியமான எச்சரிக்கையைக் கையேட்டின் கடைசியில் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பது சரியல்ல. ஒவ்வொரு மாதவிடாய்க்குப் பின்னும் கொதிநீரில் போட்டெடுத்தால் பல ஆண்டுகள் உழைக்கும்.