பழைய கேபிளில் புதிய ஆன்டெனா: நான்கு வழி பூஸ்டர் ஒன்றின் மதிப்பீடு

கேபிள் இணைப்பைத் துண்டித்துவிட்டுக் கூரையில் ஆன்டெனா ஒன்றைப் பொருத்தியபோது, அதன் சிக்னலை நான்கு அறைகளுக்கும் கொண்டுசெல்ல மீண்டும் சுவரைத் துளைக்க வேண்டுமோ என்று தயங்கினேன். அதற்குத் தேவை இருக்கவில்லை. முன்பு போடப்பட்ட, நடுக்கம்பியும் அதைச் சுற்றி வெளிவலையும் கொண்ட கோஆக்சியல் கேபிள்கள் ஒவ்வோர் அறையிலும் அப்படியே இருந்தன. அவையும் 75 ஓம் வகை, ஆன்டெனாவும் அதே வகை, ஆகவே இரண்டும் பொருந்தும். அவற்றை நம்பித்தான் ஓர் உள்ளீடும் நான்கு வெளியீடுகளும் கொண்ட, சிக்னலைப் பெருக்கிப் பிரித்துத் தரும் இந்தப் பூஸ்டரை வாங்கினேன். ஆறு மாதங்கள் பயன்படுத்திய பிறகு இதை எழுதுகிறேன்.

பெட்டியைப் பிரிப்பதற்கு முன் செய்தாக வேண்டிய வேலை ஒன்று உண்டு. கையேடு அதை ஒரே வரியில் கடந்துவிடுகிறது. வெளியிலிருந்து வீட்டுக்குள் வரும் கேபிள் நிறுவனத்தின் இணைப்பை முற்றிலும் கழற்றிவிட வேண்டும். கேபிள் நிறுவனமும் ஆன்டெனா ஒளிபரப்பும் பெரும்பாலும் ஒரே அலைவரிசைகளைப் பயன்படுத்துவதால், அந்த இணைப்பை அப்படியே விட்டுவைத்தால் ஆன்டெனா சிக்னல் கெடுவதோடு, நம் வீட்டிலிருந்து கசிவது அண்டை வீடுகளின் இணைப்பையும் கெடுக்கக்கூடும். அடுத்து, எந்த கேபிள் எந்த அறைக்குப் போகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். அறையில் உள்ள முனையில் நடுக்கம்பியையும் வெளிவலையையும் சேர்த்துவிட்டு, மறுமுனைகளில் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் போதும்; மின்சுற்று இணைந்திருப்பதாகக் காட்டும் கேபிளே அந்த அறைக்குரியது. எனக்கு மூன்று அறைகள் உடனே அகப்பட்டன, நான்காவது அகப்படவேயில்லை. சுவர்த் தகட்டைக் கழற்றிப் பார்த்தபோது, ஒரு கேபிளின் சிக்னலைப் பல வழிகளாகப் பிரிக்கும், துருப்பிடித்த பழைய ஸ்பிளிட்டர் ஒன்று அதன் பின்னால் ஒளிந்திருந்தது. அதை எடுத்துவிட்டு, இரண்டு முனைகளையும் சாதாரண இணைப்பானால் சேர்த்தேன்.

பூஸ்டரை மாட்டும் முன், மின்சாரம் தேவைப்படாத சாதாரண நான்கு வழி ஸ்பிளிட்டர் ஒன்றால் சோதித்துப் பார்த்தேன். இதைப் படிப்பவர்களும் அப்படியே தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. சிக்னலின் ஏற்ற இறக்கத்தை டெசிபலில் அளப்பார்கள். இரு வழி ஸ்பிளிட்டரில் ஒவ்வொரு வெளியீட்டிலும் சுமார் 3.5 டெசிபலும், நான்கு வழியில் சுமார் 7 டெசிபலும் குறையும்; ஆர்ஜி-6 என்ற வகை கோஆக்சியல் கேபிளில் 30 மீட்டர் தூரத்துக்கு, 600 மெகாஹெர்ட்ஸ் அளவில், இன்னும் 5 முதல் 6 டெசிபல் வரை போகும். மொத்தத்தில் ஆன்டெனா பிடித்த ஆற்றலில் ஏறத்தாழ பதினாறில் ஒரு பங்குதான் தொலைக்காட்சியைச் சேர்கிறது. கேட்பதற்கு அச்சமூட்டினாலும், டிஜிட்டல் ஒளிபரப்பில் சிக்னல் குறைந்தபட்ச அளவுக்கு மேல் இருக்கும் வரை படம் குறையின்றித் தெரியும். அந்த அளவுக்குக் கீழே போனால் கட்டம் கட்டமாக உடைந்து மறைந்துவிடும். மூன்று அறைகளில் படம் தெளிவாக இருந்தது. கடைசி அறைக்குப் போவது மெல்லிய, பழைய ஆர்ஜி-59 கேபிள், அங்குதான் படம் உடைந்தது. அதை மாற்றியிருந்தால் பூஸ்டரே தேவைப்பட்டிருக்காது. ஆனால் அது சுவருக்குள் ஆணியடித்துப் பதிக்கப்பட்டிருந்ததால் இழுக்க வரவில்லை.

பூஸ்டரை நான் முதலில் அந்தக் கடைசித் தொலைக்காட்சியின் பின்னால் வைத்தது தவறு. கேபிளில் நலிந்து வந்த சிக்னலைப் பெருக்கும்போது அதனோடு சேர்ந்த இரைச்சலும் பெருகுவதால், சிக்னல் அளவு ஏறியதே தவிர தரம் ஏறவில்லை. ஆன்டெனா கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில், ஸ்பிளிட்டருக்குப் பதிலாகவே இதைப் பொருத்தியதும் கடைசி அறை சரியானது. ஆனால் பூஸ்டருக்கு மிக அருகில் உள்ள அறையில் அதுவரை நன்றாக வந்த இரண்டு சேனல்கள் தடுமாறத் தொடங்கின. அளவுக்கு மிஞ்சிய சிக்னலும், தொலைக்காட்சியில் சேனலைப் பிடிக்கும் ட்யூனரைத் திணறச் செய்யும். அந்த ஒரு வழியில் மட்டும் சிக்னலைக் குறைக்கும் 6 டெசிபல் அட்டெனுவேட்டர் சேர்த்த பிறகு அது தீர்ந்தது. பெருக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு ஒன்று இருந்திருந்தால் அந்தச் செலவு மிஞ்சியிருக்கும்.

உலோகக் கூடு உறுதியானது, கனெக்டர்களின் மரைகள் தளர்வின்றிப் பொருந்துகின்றன. நாள் முழுவதும் இயங்கினாலும் மிதமான சூடுதான். பயன்படுத்தாத வெளியீட்டை மூட வேண்டிய 75 ஓம் மூடிகளை உடன் தராதது கஞ்சத்தனம். இன்னொன்று: இது 1000 மெகாஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும் என்பதால், 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ் வரை பயன்படுத்தும் டிஷ் கேபிளை இதில் சேர்க்க முடியாது.

முக்கியமான குறை, மின்சாரம் இல்லாதபோது சிக்னலைக் கடத்திவிட இதில் ஒரு மாற்று வழியும் இல்லாதது. ஒரு நாள் யாரோ அடாப்டரைக் கழற்றிவிட்டு வேறொன்றைச் செருகியிருக்கிறார்கள்; நான்கு அறைகளிலும் படம் போய்விட்டது, நான் அரை மணி நேரம் கூரையில் ஆன்டெனாவைத் திருப்பிக்கொண்டிருந்தேன்.