பார்க்ரன்: சனிக்கிழமை காலை 5 கிலோமீட்டர், கட்டணம் இல்லை

2004 அக்டோபரில் லண்டன் புஷி பார்க்கில் 13 பேர் ஓடித் தொடங்கியது, பூங்காக்களில் தன்னார்வலர்கள் நடத்தும் இந்தப் பார்க்ரன் ஓட்டம். இன்று பல நாடுகளில் சனிக்கிழமைதோறும் நடக்கிறது. இங்கிலாந்தில் காலை 9 மணி. சிங்கப்பூரில் வெயில் ஏறுமுன் 7.30. தூரம் எங்கும் 5 கிலோமீட்டர்தான். ஓடலாம், நடக்கலாம், இரண்டையும் கலந்தும் போகலாம்.

உடம்பை அசைத்தே பல வருடம் ஆனவர்களுக்கு இதைவிட நல்ல இடம் சொல்ல முடியாது. காரணம், டெயில் வாக்கர். இந்தத் தன்னார்வலர் எல்லாருக்கும் பின்னால் நடந்து வருவார். அதனால் வருகிறவர் யாரும் கடைசி ஆள் ஆவதில்லை. நேர வரம்பும் கிடையாது. சர்க்கரை, பிரஷர் என்று டாக்டர் நடக்கச் சொன்னவர்கள் தயங்காமல் வரலாம். பிரிட்டனில் குடும்ப மருத்துவர்களின் கிளினிக்குகள் பக்கத்துப் பார்க்ரனோடு கைகோக்கும் திட்டம் 2018 முதல் இருக்கிறது.

இணையத்தில் ஒரே ஒரு முறை பதிந்தால் போதும். ஆங்கில 'A' எழுத்தில் தொடங்கும் எண்ணுடன் பார்கோடு வரும். எந்த ஊர்ப் பார்க்ரனிலும் அதுவே செல்லும். போனில் காட்டலாம் என்றாலும் மழையில் திரை நனைந்தால் ஸ்கேன் ஆகாமல் போகலாம். அச்சடித்து லேமினேட் செய்துகொள்ளுங்கள். பார்கோடு இல்லாமலும் ஓடலாம், ஆனால் முடிவுப் பட்டியலில் உங்கள் பெயர் வராது.

குழப்பம் நடப்பது முடிவுக் கோட்டைத் தாண்டிய பிறகு. ஸ்டாப்வாட்ச் வைத்திருப்பவர் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு முறை அழுத்துவார். தடுப்புக் கட்டிய பாதையின் முடிவில் வரிசை எண்ணுள்ள டோக்கன் தருவார்கள். நேரமும் டோக்கனும் வரிசைப்படிதான் பொருத்தப்படுகின்றன. ஒருவர் டோக்கன் வாங்காமல் நழுவினால் அவருக்குப் பின்னால் வந்த அத்தனை பேரின் நேரமும் பிசகும். பாதைக்குள் முந்தாதீர்கள். முதலில் உங்கள் பார்கோடு, அடுத்து டோக்கன் என்று ஸ்கேன் செய்தபின் டோக்கனைத் திருப்பிக் கொடுங்கள். பாதியில் நின்றவர்கள் கோட்டைத் தாண்டவே கூடாது.

11 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் பெரியவரின் கைக்கெட்டும் தூரத்திலேயே வர வேண்டும். 4 முதல் 14 வயது வரை உள்ளவர்களுக்கு ஞாயிறு காலை 2 கிலோமீட்டர் ஜூனியர் பார்க்ரன் சில நாடுகளில் தனியாக உண்டு. சின்னப் பிள்ளைகளுக்கு அதுவே தோது.

குறைகளும் உண்டு. புஷி பார்க்கில் ஆயிரம் பேருக்கு மேல் கூடுவார்கள். புதியவர்கள் சிறிய பார்க்ரனாகப் பார்த்துப் போவது நல்லது. குளிர்காலத்தில் சில பாதைகள் சேறாகிவிடும், பனி உறைந்தால் கடைசி நேரத்தில் ரத்தாகும். பெயரும் நேரமும் இணையத்தில் எல்லாரும் பார்க்கும்படி வரும் என்பதையும் தெரிந்துகொண்டு பதியுங்கள்.

இது மட்டுமே உடற்பயிற்சி என்று இருந்துவிடவும் முடியாது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரம் குறைந்தது 150 நிமிடம். 5 கிலோமீட்டரை வேகமாக நடந்தால் ஏறக்குறைய 50 நிமிடம்தான் ஆகும். வார நடுவில் இரண்டு நாள் அதே அளவு நடந்தால் கணக்கு சரியாகும். ஓட ஆசைப்படுபவர்கள் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று தொடங்குங்கள். முதல் கிலோமீட்டரிலேயே கூட்டத்தோடு பாய்ந்தால் பாதியில் மூச்சு வாங்கும், மறுநாள் முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பு வலிக்கும்.

முழங்கால் வலி உள்ள வாரத்தில் வீட்டில் இருக்க வேண்டியதில்லை, தன்னார்வலராக வரலாம். பார்கோடு ஸ்கேன் செய்யும் வேலையை ஐந்து நிமிடத்தில் கற்றுத் தருவார்கள்; அந்த வாரமே உங்கள் பார்க்ரன் குழுவுக்கு மின்னஞ்சல் அனுப்பிப் பெயர் கொடுக்கலாம்.